298-ஆம் கல்

மூன்று தரம் அடுப்பு அணைந்தது.
நான்காம் தரம் தண்ணீர் வெதுவெதுத்ததும்
ஓட்ஸைக் கொட்டி
மணல் நறநறக்க விழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

மங்கிஸ்தாவ் சமவெளியில் மரம் கிடையாது.
ஒதுங்கவேண்டுமென்றால்
என் சைக்கிளின் நிழலில்தான் ஒதுங்கவேண்டும்.
அதுவும் கம்பி கம்பியாக விழுகிறது.

261-ஆம் கல்லில் பிடித்த காற்று
நேரே நெற்றியில்.
மணிக்கு ஏழு கிலோமீட்டர்.
எதிரே உருண்டு வந்த காய்ந்த முட்பந்து ஒன்று
நான் போகவேண்டிய ஊரிலிருந்து
நான் கிளம்பிய ஊருக்கு
அவசரமாகப் போயிற்று.

280-இல் ஒரு தேநீர்க் கடை.
கூரை பறக்காமலிருக்க டயர்கள்,
டயருக்குள் ஒரு பூனை.
குல்பரம் புளித்த ஒட்டகப்பாலைக் கிண்ணம் வழிய ஊற்றினாள்.
பொரித்த மாவுருண்டைகளைத் தட்டோடு நகர்த்தினாள்.
ஒற்றை விரலை நிமிர்த்தி
"ஜல்கிஸ்?" என்றாள்.
தனியாகவா.
நானும் ஒரு விரலைக் காட்டினேன்.
இன்னும் நாலு உருண்டை என் பையில் விழுந்தது,
தனியாகப் போனால் பசி கூடுதல் என்பதுபோல.

பால் வயிற்றுக்குள் வாதாடிக்கொண்டே வந்தது.

287-இல் "டிங்".
போக்ஸ் கம்பி. பின்சக்கரம், செயின் பக்கம்.
எப்போதும் அந்தப் பக்கம்தான்.
மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம்.
ஒடிந்ததை எறிய ஏனோ கை வரவில்லை.

எசென்பெக் லாரியை நிறுத்தினான்.
வெங்காய மூட்டைகளின் மேல் இடம் காட்டினான்.
வேண்டாம் என்றேன்.
பரிதாபமா மரியாதையா, பிரிக்கமுடியாத ஒரு பார்வை.
"ஜல்கிஸ்?"
இரண்டு வெங்காயத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.
அடுத்த நாற்பது நிமிடம்
அந்த "வேண்டாம்" என்ற சொல்லை
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

299-இல்
இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் செய்தேன்.
வண்டியை வந்த வழிக்கே திருப்பினேன்.
சும்மா.
காற்று முதுகில் இருந்தால் எப்படியிருக்கும் என்று.

மிதிக்காமலே போனது.
காதுக்குள் இரைச்சல் நின்றுபோனது.
காலையிலிருந்து முன்சக்கரத்தையே பார்த்திருந்த தலை
முதல்முறையாக நிமிர்ந்தது.
298-ஆம் கல்லுக்குத் தெற்கே
மண்மேட்டு மறைவில்
ஓர் ஒட்டகம், கழுத்தில் சிவப்புத் துணி.
மெல்வதை ஒரு கணம் நிறுத்தி
இது எந்தப் பக்கம் போகிற பிராணி என்று
என்னைப் பார்த்தது.

அப்புறம் அதே ஒரு கிலோமீட்டருக்கு
இரண்டாவது தடவை விலை கொடுத்தேன்.

312.
சாலைச் சரிவின் அடிவாரம், காற்று கொஞ்சம் தலைக்குமேல்.
கூடாரத்து முளை ஒன்றைக் காணோம்.
ஒடிந்த போக்ஸ் கம்பியை வளைத்து
கல்லால் அடித்து இறக்கினேன்.
நூடுல்ஸ், எசென்பெக்கின் வெங்காயம் ஒன்று.

பத்து மணிக்கு மேலே ஒரு மோட்டார் சைக்கிள்.
நின்றது.
சரிவில் ஒரு டார்ச் இறங்கியது.
என் விளக்கை அணைத்தேன்.
கத்தி எங்கே?
பாத்திரப் பையில், வெங்காயத் தோலோடு.
அந்தப் பை வெளியே.

கூடாரத் துணியில் வெளிச்சம் வட்டமாக நின்றது.
ஒரு இருமல். ஒரு சலாம்.
ஜிப்பைத் திறந்தேன்.
கம்பளிக் குல்லாயும் வெடித்த உதடுமாக ஒருவன்
காற்றில் இரண்டு திமில்கள் வரைந்தான்.
தன் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினான்.
நிறத்துக்கு அவன் சொன்ன வார்த்தை எனக்குப் புரியவில்லை.
யோசித்துவிட்டு
என் சைக்கிளின் பின்விளக்கைத் தொட்டுக் காட்டினான்.

மணலில் எழுதினேன்: 298.
தெற்கே கையை நீட்டினேன்.
எண்ணைப் படித்தான்,
சைக்கிளைப் பார்த்தான்,
ஒரு ஆள் படுக்கும் கூடாரத்தைப் பார்த்தான்.
"ஜல்கிஸ்?"

கேட்டது ஒட்டகத்தைப் பற்றியா என்னைப் பற்றியா,
தெரியவில்லை.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

அவனுக்குக் காற்று சாதகம்.
சத்தம் சீக்கிரமே தீர்ந்தது.
படுத்தபிறகுதான் தோன்றியது, பெயர் கேட்டிருக்கலாம்.
ஒட்டகத்தின் பெயரையாவது.

மேற்கு மூலையில்
ஒடிந்த கம்பி முனகிக்கொண்டே
துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.